மலை விழுங்கிய ஆறு

காஷ்மீர மொழியில் 'நாக்' என்றால் ஊற்று. நம் மொழியில் நாகம் என்றால் பாம்பு. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் என்று அந்நாட்டுப் பண்டிதர்கள் சொல்வார்கள். பொந்துக்குள் நுழைந்து, எவர் கண்ணிலும் படாமல் பூமிக்கடியில் நெளிந்து சென்று, எதிர்பாராத வேறோர் இடத்தில் தலையை நீட்டுவது பாம்பின் சுபாவம். காஷ்மீரத்து ஜலத்தின் சுபாவமும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே அங்குள்ள ஒவ்வோர் ஊற்றிலும் ஒரு நாகராஜன் வாசம் செய்கிறான் என்று நீலமத புராணம் கூறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அனந்தநாக், வேரிநாக், கோகர்நாக் என்று ஊர்ப் பெயர்களே ஊற்றுப் பெயர்களாக அமைந்துவிட்டன.

ஸ்ரீநகரத்துப் படகு வீடுகளைப் பற்றியும், குல்மார்க் பனியைப் பற்றியும் எழுதாத யாத்திரிகர் இல்லை. அவற்றை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னால் நேயர்கள் நம்பமாட்டார்கள்; பார்த்தோம். ஆனால் இங்கே எழுத விரும்புவது, பள்ளத்தாக்கின் தென்கோடியில் அனந்தநாக் ஜில்லாவில் நான்கு நாட்கள் ஊற்று ஊற்றாக அலைந்த சமாசாரம் மட்டுமே.

2024-ஆம் ஆண்டு காலாண்டுப் பரீட்சை விடுமுறையோடு சில நாள் லீவும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டோம். நாங்கள் என்றால் தம்பதிகள் இருவரும், எழுபத்திரண்டு வயதான அம்மாவும். நவராத்திரி சமயத்தில் கொலு வைக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு வருவது அம்மாவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. "அனந்தனும் நீலனும் இருக்கிற ஊர், அதைவிடப் பெரிய கொலு உண்டா?" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம்.

சென்னையிலிருந்து ஜம்மு வரையில் ரெயில். அங்கிருந்து பனிஹால் வரையில் மோட்டார். பனிஹாலில் மறுபடியும் ரெயில். பீர் பஞ்சால் மலைத் தொடரைக் குடைந்து 11 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கப் பாதை அமைத்திருக்கிறார்கள். 2013-இல் திறக்கப்பட்டது. வண்டி இருளுக்குள் புகுந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா, இத்தனை பெரிய மலையைக் குடைந்திருக்கிறார்களே, மலைக்குள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் எங்கே போகும்?" என்பதுதான். பூகோளம் போதிக்கும் ஆசிரியர்கள் மாணவர்களிடமிருந்து எதிர்பார்த்து ஏமாந்துபோகிற கேள்வி அது. அதற்கு விடை தேடுவதாகவே எங்கள் பிரயாணம் முழுவதும் அமைந்துவிட்டது.

சுரங்கத்தின் மறு வாயிலில் வேறோர் உலகம். நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நம் தஞ்சைக் களங்களைப் போலவே கதிர்க் கட்டுகள். ஆனால் வரப்பில் பனை மரத்துக்குப் பதிலாக நெட்டிலிங்கம் போல ஒல்லியாய் உயர்ந்த பாப்ளார் மரங்கள். தோட்டங்களில் ஆப்பிள் பழங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் உள்ளங்கைகள் எல்லாம் மருதாணி இட்டது போலக் கறுத்திருந்தன. அக்ரோட்டுக் காயின் பச்சைத் தோலை உரித்த கறை அது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

முதல் நாள் வேரிநாக் சென்றோம். பைன் மரங்கள் அடர்ந்த செங்குத்தான மலையின் அடியில், எண்கோண வடிவில் ஒரு கற்குளம். 1620-இல் ஜஹாங்கீர் பாதுஷா கட்டுவித்தது. குளத்தைச் சுற்றிலும் வளைவு மாடங்கள். நீரின் நிறத்தை நீலம் என்பதா, பச்சை என்பதா என்று எங்களுக்குள் வாதம் உண்டாயிற்று. மயில் கழுத்து என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். குளத்தின் மேற்பரப்பில் அலை இல்லை, சப்தம் இல்லை. நீர் ஏதோ தேங்கி நிற்பதாகவே தோன்றும். ஆனால் குளத்தின் ஒரு பக்கத்து மதகைத் தாண்டி வந்து பார்த்தால், தோட்டத்தின் நடுவே வெட்டிய கால்வாயில் ஓர் ஆறே ஓடுகிறது. ஜீலம் நதி, புராணப் பெயரில் விதஸ்தா, இங்கேதான் பிறக்கிறது என்று போற்றுகிறார்கள். ஜஹாங்கீர் தம் உடலை இவ்விடத்தில் அடக்கம் செய்ய வேண்டுமென்று ஆசைப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. 1627-இல் காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் உயிர் நீத்தார். சமாதி அமைந்தது லாகூரில்.

அன்று மாலை அனந்தநாக் விடுதியில் தேநீருக்கு வெந்நீர் போடும் பாத்திரத்தைக் கழுவ எடுத்த இல்லத்தரசி, அதன் உட்புறத்தைக் காட்டினாள். வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு கெட்டியாய்ப் படிந்திருந்தது. மலைக்குள் நடக்கும் ரகசியம் முழுவதும் அந்தப் பொருக்கில் அடங்கியிருக்கிறது.

அனந்தநாக் ஜில்லாவின் மலைகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தது. அக்கடலின் அடியில் கிளிஞ்சல்களும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின; பிறகு பூமியின் நெருக்குதலால் மேலெழுந்து இமயத்தின் அங்கமாயின. அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டும் கல்லும் இதே இனந்தான், வயதில் இளையது. சாதாரணத் தண்ணீர் இந்தக் கல்லை அதிகம் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மழை நீரும் பனி நீரும் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மக்கிய இலைகளும் வெளியிடும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. கோலி சோடாவில் இருப்பதும் அந்த வாயுதான். மெல்லிய சோடாவாக மாறிய அந்த நீர், பாறையின் விரிசல்களில் இறங்கிச் சுண்ணாம்பை இம்மியளவு இம்மியளவாகக் கரைக்கிறது. மயிரிழைப் பிளவு விரல் அகலமாகிறது. விரல் அகலம் ஆள் நுழையும் பொந்தாகிறது. அகன்ற பொந்துக்கே மேலும் அதிகமான நீர் செல்வதால் அதுவே மேலும் அகல்கிறது. பணம் உள்ள இடத்திற்கே பணம் சேர்வது போலத்தான் இதுவும். பல்லாயிரம் ஆண்டுகளில் மலையின் வயிற்றில் குழாய்களும் குகைகளும் மண்டபங்களுமாக ஒரு நகரமே உண்டாகிவிடுகிறது. கரைந்த சுண்ணாம்பு நீரோடு வெளியே வருகிறது. அடுப்பில் நீர் கொதித்து வாயு நீங்கியதும், பாத்திரத்தில் மறுபடியும் கல்லாகப் படிகிறது.

இத்தகைய நிலத்துக்குக் 'கார்ஸ்ட்' என்று பெயர். ஸ்லொவீனியா தேசத்துக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள ஒரு பீடபூமியின் பெயரே உலகப் பொதுப் பெயராகிவிட்டது. அங்கே ரேகா என்ற ஆறு ஒரு பெருங்குகைக்குள் புகுந்து மறைகிறது. இருபது மைலுக்கு மேல் பூமிக்கடியில் யாத்திரை செய்து, கடலருகில் திமாவோ என்று வேறு பெயருடன் வெளிப்படுகிறது. உலக ஜனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இத்தகைய மலை நீரைக் குடித்து வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கிணற்றையும் இந்த ஊற்றையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பூமிக்கடியில் இருப்பது கடினமான கரும்பாறை. நீர் அதன் மேலுள்ள உளுத்த பாறையிலும் சிறு வெடிப்புகளிலும் கசிந்து நிற்கும். நாம் தோண்டி, ஊறவிட்டு, இறைத்துக்கொள்கிறோம். சுண்ணாம்பு மலையிலோ இரண்டு விதமான களஞ்சியங்கள் இருக்கின்றன. நுண்ணிய வெடிப்புகளில் தங்கும் நீர் மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். பெரிய குழாய்களில் புகுந்த நீர் சில நாட்களிலேயே, சில சமயம் சில மணி நேரத்திலேயே, மறு பக்கம் வந்துவிடும். வசந்த காலத்தில் பனி உருகும்போது குழாய்கள் நிரம்பி ஊற்று பொங்குகிறது. பனி முற்றும் கரைந்த பிறகும் இலையுதிர் காலம் வரையில் ஊற்று வற்றாமலிருப்பது, நுண்ணிய வெடிப்புகளின் தயவால். நீரிலுள்ள ஐசோடோப்புகளைப் பரிசோதித்தவர்கள், இந்த ஊற்றுகளுக்கு ஆகாரம் பெரும்பாலும் குளிர்காலப் பனியே என்று கண்டிருக்கிறார்கள். நம் மிராசுதார் வீட்டுப் பத்தாயத்தைப் போன்றது மலையுச்சிப் பனி. தை மாதத்தில் நிரப்பியதை ஐப்பசி வரையில் எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

இரண்டாம் நாள் அனந்தநாக் ஊருக்குள் இருக்கும் ஊற்றையும், மட்டன் என்று வழங்கும் மார்த்தாண்ட தீர்த்தத்தையும் தரிசித்தோம். மட்டனில் கோவிலுக்குள்ளேயே குளங்கள். குளம் நிறைய மீன்கள். ஒருவரும் பிடிப்பதில்லை. அம்மா ரொட்டித் துண்டுகளைப் போடப் போட, கறுப்பு முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு, குளமே கொதிப்பது போல் ஆயிற்று. மயிலாப்பூர்க் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கைகள்! அங்கிருந்து அவளைக் கிளப்புவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மேட்டு நிலத்தில் லலிதாதித்த மன்னன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய சூரியன் கோவில் இடிபாடுகளாய் நிற்கிறது. அந்தத் தூண்களின் அழகைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அது நிற்கும் மேட்டு நிலமும் ஒரு சாட்சி: காஷ்மீரப் பள்ளத்தாக்கு முழுவதும் முன்பு ஏரியாக இருந்தது என்றும், காசியபர் அதை வடித்தார் என்றும் புராணம் சொல்கிறது, ஏரியில் படிந்த வண்டலே இந்த மேடுகள் என்று புவியியல் சொல்கிறது.

இனி ஆச்சபல். எங்கள் கதையின் உயிர்நிலை அதுதான்.

அனந்தநாக்கிலிருந்து ஐந்தாறு மைல் தூரம். பழம் பெயர் அக்ஷவாளம். மலையடியில் பல வாய்களால் நீர் பீறிட்டு வருகிறது. நூர்ஜஹான் இங்கே நந்தவனம் அமைத்தாள். பிறகு ஷாஜஹானின் புதல்வி ஜஹானாரா அதைப் புதுப்பித்தாள். ஊற்று நீரே தோட்டத்தின் நடுவே அருவியாய் விழுந்து, தடாகமாய் விரிந்து, நீர்த்தாரைகளாய் எழும்பி, பின் வாய்க்காலாய் வயலுக்குப் போகிறது. வேரிநாக் ஒரு தபஸ்வி என்றால் ஆச்சபல் ஒரு நாட்டியக்காரி. 1665-இல் ஔரங்கசீப்பின் பரிவாரத்தோடு வந்த பெர்னியே என்ற பிரெஞ்சு வைத்தியர், இதை ஊற்று என்பதைவிட ஆறு என்றே சொல்லலாம் என்ற கருத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவர் அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஆச்சபலுக்குத் தென்கிழக்கே, ஒரு மலைக்கு அப்பால், பிரிங்கி என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் நீர் தேவல்காம் என்னும் கிராமத்தருகில் படுகையிலுள்ள வெடிப்பில் புகுந்து மறைகிறது என்றும், அதுவே மலைக்கடியில் சென்று ஆச்சபலில் வெளிப்படுகிறது என்றும் கிராமவாசிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். இதைப் பரீட்சிப்பதற்காக யாரோ ஒருவர் தேவல்காமில் ஆற்றில் உமியைக் கொட்டினாராம். அந்த உமி ஆச்சபல் ஊற்றில் மிதந்து வந்ததாம். காஷ்மீரத்தில் நில வரித் திட்டம் செய்த வால்டர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895-இல் வெளியான தம் புத்தகத்தில் இக்கதையைக் குறித்திருக்கிறார்.

கிராமத்துக் கட்டுக்கதை என்று சிலர் சிரிக்கலாம். ஐரோப்பாவிலும் இதைத்தான் செய்தார்கள். உமிக்குப் பதிலாகச் சாயத்தைக் கொட்டினார்கள். 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் நதியின் நீர் மறையும் இடத்தில் பத்துக் கிலோ சாயத்தைக் கரைத்தார்கள். சுமார் இரண்டரை நாட்களுக்குப் பிறகு, 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் என்ற ஊற்று பச்சைப் பசேலென்று பொங்கியது. பிரான்ஸ் தேசத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1901 ஆகஸ்டு மாதம் பொந்தார்லியே நகரத்துச் சாராயச் சாலை ஒன்றில் இடி விழுந்து தீப்பற்றியது. பீப்பாய்கள் வெடித்துவிடாமல் இருக்க, சாராயத்தை ஆற்றில் திறந்துவிட்டார்கள். இரண்டொரு நாள் கழித்து, வேறோர் ஆறாகிய லூ நதியின் பிறப்பிடமான ஊற்றில் சாராய வாசனை வீசியது! நதி மூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதன் காரணம் இப்படியும் இருக்கலாம். ஆச்சபலைப் பொறுத்தவரையில், பிற்காலத்தில் நீரின் ரசாயன குணங்களை ஆராய்ந்த காஷ்மீரத்துப் புவியியலாரும் பிரிங்கியின் தொடர்பை உறுதி செய்திருக்கிறார்கள். உமி கொட்டியவர் பெயர் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எங்கள் பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் அவர் படத்தை மாட்டியிருப்போம்.

எங்களுக்கு மோட்டார் ஓட்டியவர் பிரிங்கிக் கரையைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும், ஆப்பிள் தோட்டமும் கொஞ்சம் நெல் வயலும் உடையவர். எங்களை 'மாஸ்டர்ஜி' என்றும், அம்மாவை 'மாஜி' என்றும் அழைப்பார். உமிக் கதையை நாங்கள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் எங்களை நேரே வந்தேவல்காமுக்கு அழைத்துச் சென்று, ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினார்.

"இங்கேதான் மாஸ்டர்ஜி" என்றார்.

2022 பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், பிரிங்கியின் படுகையில் திடீரென்று ஒரு குழி விழுந்தது. ஆறு முழுவதும் அதற்குள் இறங்கிவிட்டது. ஒரு பகுதி அல்ல, முழு ஆறும். குழிக்குக் கீழே பல மைல் தூரத்திற்குப் படுகை கூழாங்கல்லாகக் காய்ந்தது. நம்மவர் பத்திரிகைகளில் படமும் செய்தியும் வந்தது சில நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

"எனக்கு முதலில் தெரிந்தது சப்தம் இல்லாமற் போனதுதான்" என்றார் அவர். "பிறந்த நாள் முதல் அந்த ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கியவன். அது நின்றதும் விழித்துக்கொண்டேன். காலையில் போய்ப் பார்த்தால் கற்களுக்கிடையே டிரவுட் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. பையன்கள் வாளிகளில் அள்ளிக்கொண்டு, நீர் இருக்கிற மடுவைத் தேடி ஓடினார்கள்."

டிரவுட் என்பது குளிர்ந்த தெளிந்த நீரில் மட்டுமே வாழும் மீன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து காஷ்மீரத்து ஆறுகளில் விட்டார்கள். கோகர்நாக் ஊற்று நீரில் அதற்கென்று பெரிய வளர்ப்புப் பண்ணையே இருக்கிறது.

இப்படி நேர்வது முதல் தடவை அல்ல. 1990-களிலும் ஒரு முறை நடந்ததாகச் சொல்கிறார்கள். பூமிக்கடியில் உள்ள குகையின் கூரை மெலிந்து மெலிந்து, ஒரு நாள் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அவ்வளவுதான் காரணம். ஆனால் விளைவு அவ்வளவு சுலபமானதல்ல. அதே நாட்களில் ஆச்சபல் ஊற்றில் நீர் கலங்கி வந்தது. பிரிங்கிக் கரைக்காரர்களுக்கோ, இன்னும் சில மாதங்களில் நாற்றுவிட வேண்டுமே என்ற கவலை. குழியை அடைத்துவிட்டால் ஆறு திரும்பிவிடும். அடைத்தால் ஆச்சபலுக்கு என்ன ஆகும்?

"என் தங்கையை ஆச்சபலில்தான் கொடுத்திருக்கிறோம்" என்றார் மோட்டார்க்காரர். "அவள் புருஷன் வீட்டில் ஊற்று நீர்தான் குடிக்கவும் பயிர் செய்யவும். நான் போன் செய்து, 'எங்கள் ஆற்றை நீங்கள் குடிக்கிறீர்கள்' என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் மைத்துனர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. 'பாதுஷா காலத்திலிருந்து இந்த நீர் எங்களுடையது. இத்தனை நாள் உங்கள் ஆறு எங்கள் நீரைத் திருடிக்கொண்டிருந்தது' என்றார். இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை."

அதிகாரிகள் குழியைச் சுற்றி வேறொரு கால் வெட்டி நீரைத் திருப்பிவிட்டார்கள். ஆறு மறுபடியும் ஓடத் தொடங்கியது. நாங்கள் பார்த்தபோது அவ்விடத்தில் பிரமாதமாக ஒன்றும் இல்லை. கூழாங்கல் மேடுகள், ஓரமாய்ச் சலசலக்கும் நீர், கரையில் மேயும் ஆடுகள். வாயைத் திறந்து ஓர் ஆற்றையே விழுங்கிய இடமா இது என்று தோன்றியது. அம்மா ஒரு கல்லை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

குழியை அடைப்பது சரியா, தவறா என்பதில் எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு வாயை அடைத்தால் நீர் வேறொரு வாயைத் தேடிக்கொள்ளும். படுகை நெடுகக் கல் வெடிப்புகள் இருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் எவ்வளவு நீர் என்று அளந்து, ஆண்டு முழுவதும் கணக்கெழுதி, அதன்மேல் ஏற்பாடு செய்வதுதான் முறை. ஆனால் இதை எழுதுவது எளிது. வறண்ட படுகையின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவனிடம் சொல்வது எளிதல்ல. அம்மா வேறு விதமாகப் பார்த்தாள். "ஒரே பசுவை இரண்டு வீட்டுக்காரர்கள் கறந்துகொள்கிறார்கள், யாருக்கு எத்தனை படி என்று சண்டை வேறே. பசுவுக்குத் தீனி போடுகிறவர்கள் யார் என்று கேள்" என்றாள். மோட்டார்க்காரரிடம் இதை ஹிந்தியில் பெயர்த்துச் சொன்னதும், அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மலையுச்சியைச் சுட்டிக் காட்டினார். அக்டோபர் மாதமாகையால் உச்சியில் கல் மட்டும் தெரிந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மணலும் மண்ணும் உள்ள நிலத்தில், நீர் இறங்கும்போது ஓரளவு வடிகட்டப்படுகிறது. சுண்ணாம்பு மலையின் குழாய்களில் வடிகட்டி கிடையாது. ஒரு பக்கத்தில் போட்டது அப்படியே மறு பக்கம் வரும், உமி வரவில்லையா? ஆற்றங்கரை நெடுகப் பாலிதீன் பைகளும், ஆப்பிள் மரத்துக்குத் தெளிக்கும் மருந்துப் புட்டிகளும் கிடந்தன. மேலூர்க்காரர் கழுவிவிட்டதைக் கீழூர்க்காரர் அருவியாய் ரசித்துக் குடிக்கிறார். ஆசிரியர் தொழிலின் பழக்கத்தால் இதைப் பற்றி அவரிடம் ஒரு சிறு பிரசங்கம் செய்ய நா எழுந்தது. தோல் ஷாப்புக் கழிவு கலந்த நம் பாலாறு நினைவுக்கு வந்தது. பிரசங்கத்தை நிறுத்திக்கொண்டோம்.

அன்று பகல் ஆச்சபலில் அவருடைய தங்கை வீட்டில் எங்களுக்கு உபசாரம் நடந்தது. உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நிறத் தேநீர் கொடுத்தார்கள். அம்மா ஒரு வாய் அருந்திவிட்டு, "ரசம் மாதிரி நினைத்துக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கிறது" என்று தமிழில் அபிப்பிராயம் தெரிவித்தாள். மைத்துனர்கள் இருவரும் ஒரே தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டதைக் கவனித்தோம். வீட்டுப் பின்புறத்தில் வாய்க்கால். அந்த அம்மாள் கீரையை அதில்தான் கழுவினாள். நீரில் கையை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. கோடையில் தொட்டாலும் இதே குளிர்ச்சிதானாம். குளிர்காலத்தில், வெளியே எல்லாம் உறைந்திருக்கும்போது, இதிலிருந்து ஆவி எழுமாம். மலையின் உள் வயிற்றுக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது.

கோகர்நாக்கையும் பார்த்தோம். கோழிக் காலின் விரல்களைப் போல் பல கிளைகளாய் நீர் புறப்படுவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். ரோஜாத் தோட்டம் நன்றாயிருக்கிறது. பலகாரக் கடைகள் அதிகம். அதற்குமேல் எழுத அங்கே எங்களுக்கு அகப்படவில்லை.

ஊர் திரும்பி, அரையாண்டுப் பரீட்சையும் முடிந்து, பொங்கலும் ஆயிற்று. அந்தக் குளிர்காலத்தில் காஷ்மீரத்தில் பனியும் மழையும் மிகவும் குறைந்து போயின. ஜனவரி மாதம் முழுவதும் வெயில் காய்ந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு நாள் பத்திரிகையைப் பிரித்தால், ஆச்சபல் ஊற்று வற்றிவிட்டது என்ற செய்தி! படமும் இருந்தது. நீர் விழுந்துகொண்டிருந்த கற்படிகள் உலர்ந்து வெளுத்துக் கிடந்தன. நீர்த்தாரைக் குழாய்கள் வரிசையாக, அணைந்த குத்துவிளக்குகளைப் போல் நின்றன. அந்த ஊற்றை நம்பியிருந்த பல கிராமங்களுக்குக் குடிநீர் இல்லை என்று எழுதியிருந்தது. மயில் கழுத்து நிறத்தையும் மரத்துப்போன விரல்களையும் நினைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

மாலையில் மோட்டார்க்காரருக்குப் போன் செய்தோம்.

"உண்மைதான் மாஸ்டர்ஜி. மேலே பனி இல்லை. ஜனவரியில் பிரன் இல்லாமல், சட்டையோடு நடமாடினோம்" என்றார். பிரன் என்பது அவர்கள் குளிர்காலத்தில் அணியும் நீண்ட கம்பளி அங்கி. பிரிங்கியிலும் நீர் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் ஊரில் குடிப்பதற்கு இன்னும் கிடைத்துக்கொண்டிருந்தது. பேச்சின் பின்னணியில் வண்டியின் இரைச்சல் கேட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டோம்.

"ஆச்சபலுக்குத்தான். தங்கை வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு எட்டு டப்பாக்கள் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள்."

அம்மா போனை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஹிந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. "மச்லி, மட்டன், மச்லி" என்று உரத்த குரலில் இரண்டு தடவை கேட்டாள். மறு முனையில் அவர் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னார் அம்மா?"

"எனக்கென்ன தெரியும்? மட்டன் குளத்து மீனைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். நீ கேட்டுச் சொல்லு" என்றாள். அதற்குள் மலைப் பாதையில் தொடர்பு அறுந்துவிட்டது.